தண்டவாளம் போன பின்னும் தடம் இருக்கும்

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படும் காட்சியைக் காணத் தோட்டங்களிலிருந்து வரும் அன்பர்கள் பலர். அவ்வாலயத்தின் வாயிலிலிருந்து துன் எச்.எஸ். லீ சாலை வழியே வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால், அதனைக் குறுக்கே வெட்டிச் செல்லும் அகலமான சாலை ஒன்று வரும். அதன் பெயர் துன் டான் செங் லோக் சாலை. சுற்றிலும் உள்ள தெருக்கள் குறுகியவை; பழைய கடைவீடுகள் நெருங்கி நிற்பவை. இந்த ஒரு சாலை மட்டும் ஏன் இத்தனை அகலம்? ஏன் இது மற்றத் தெருக்களின் போக்கிற்கு இணங்காமல் அவற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது?

விடை எளியது. இது முதலில் சாலையாக இருக்கவில்லை; இரயில் பாதையாக இருந்தது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாலை போட்டார்கள்.

மறைந்துபோன இத்தகைய தடங்களைப் பழைய வரைபடங்களின் துணையால் கண்டுபிடிக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம். இது பொழுதுபோக்குக்காக மட்டும் கற்கவேண்டிய முறை அன்று. தோட்டங்கள் நகரமாகிவிட்ட இந்நாளில், நம் லயங்களும் கோயில்களும் பள்ளிகளும் எங்கே இருந்தன, எந்த ஆண்டில் இருந்தன என்று காட்ட வேண்டிய தேவை நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. இரயில் தடத்தைத் தேடப் பயன்படும் முறையே அதற்கும் பயன்படும்.

நகரின் நடுவே ஓடிய வண்டி

சிலாங்கூரின் முதல் இரயில் பாதை 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே உள்ள புக்கிட் கூடா வரை ஏறத்தாழ பத்தொன்பதரை மைல் நீளம். அதுவரை ஈயம் படகிலும் மாட்டுவண்டியிலும் போய்க்கொண்டிருந்தது. பாதை போட்டதன் முதல் நோக்கம் அந்த ஈயத்தை விரைவாகக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே. ரப்பர் அதற்குப் பின்னர் வந்தது.

கிள்ளான் பாதை நல்ல வருவாய் தந்ததால், ஈயச் சுரங்கங்கள் இருந்த மற்றத் திசைகளுக்கும் பாதை போட்டனர். 1893இல் கோலாலம்பூரிலிருந்து புடுவுக்கும், 1895இல் சுங்கை பீசிக்கும், 1897இல் காஜாங்கிற்கும் வண்டி ஓடிற்று. இப்பாதை கிள்ளான் ஆற்றின் மேற்கே, ஆங்கிலேய ரெசிடெண்டின் மாளிகையை ஒட்டி இருந்த நிலையத்திலிருந்து புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, கடைத்தெருக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சுல்தான் தெரு நிலையத்தை அடைந்து, அங்கிருந்து புடு நோக்கிச் சென்றது. நகரம் சிறிதாக இருந்தபோது இது பொருந்திற்று. கடைகளும் வண்டிகளும் பெருகிய பின், தெருவின் குறுக்கே இரயில் போவது எவருக்கும் உவப்பாக இருந்திராது.

பிறகு தெற்கே போகும் வண்டிகள் சாலாக் சவுத் வழியாகத் திருப்பிவிடப்பட்டன. ஆற்றுக்கும் சுல்தான் தெரு நிலையத்திற்கும் இடைப்பட்ட துண்டு தேவையற்றதாயிற்று. அதன்மேல் எழுந்த சாலைக்கு, முதல் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய பிரெஞ்சுத் தளபதியின் பெயரால் ஃபோஷ் அவென்யூ என்று பெயரிட்டனர். நாடு விடுதலை பெற்ற பின்னரே அது இன்றைய பெயரைப் பெற்றது. ஆகவே ஒரே நிலத்திற்கு மூன்று அடையாளங்கள்: முதலில் இரயில் பாதை, அடுத்து ஒரு படைத்தலைவரின் பெயர் கொண்ட சாலை, பின்னர் ஓர் அரசியல் தலைவரின் பெயர் கொண்ட சாலை. எந்த ஆண்டுப் படம் கையில் இருக்கிறதோ, அந்த ஆண்டின் அடையாளமே அதில் இருக்கும். வரைபடம் படிப்போர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்.

சுல்தான் தெருவிலிருந்து அம்பாங்கிற்குச் சென்ற கிளைப் பாதையின் கதை வேறு. அதில் ஓடிய பழைய வண்டிகள் நின்றுபோயின. ஆனால் தடம் வீணாகவில்லை. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் திறக்கப்பட்ட இலகு இரயில் அந்தப் பழைய தடத்தையே பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டது. இன்று சான் சோவ் லின் நிலையத்திலிருந்து மிஹார்ஜா, மாலுரி, பாண்டான் ஜெயா வழியாக அம்பாங் செல்வோர், தம்மை அறியாமலே ஈயக் காலத்துப் பாதையின்மேல் பயணம் செய்கின்றனர். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிக் கட்டணத்தில் வரலாற்றின்மேல் அமர்ந்து போகும் வாய்ப்பு இது. சன்னலோரம் கிடைத்தால் இன்னும் நன்று.

படத்தைக் கையில் எடுத்தால்

பழைய வரைபடத்தை எடுத்ததும் நம் கண் ஊர்ப் பெயர்களைத் தேடும். அது இயல்பே. ஆயினும் முதலில் படத்தின் ஓரங்களைப் பார்க்கவேண்டும். நில அளவை எந்த ஆண்டில் நடந்தது, அச்சிட்டது எந்த ஆண்டு என்பவை அங்கே இருக்கும். இவை இரண்டும் ஒன்றல்ல. அளந்த பிறகு பல ஆண்டுகள் கழித்து அச்சிட்ட படங்களும், பழைய படத்தின்மேல் சில திருத்தங்கள் மட்டும் செய்து மீண்டும் அச்சிட்டவையும் உண்டு. 'இந்தப் படத்தில் பாதை இருக்கிறது, ஆகவே அந்த ஆண்டில் வண்டி ஓடியது' என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்தது அளவை. நம் நாட்டின் பழைய படங்களில் மிகவும் பயனுள்ளவை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. அதாவது நிலத்தில் 63,360 அங்குலம் படத்தில் ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கும். முன்னர்க் கூறிய கோலாலம்பூர் – புக்கிட் கூடா பாதையை இந்த அளவில் வரைந்தால் பத்தொன்பதரை அங்குல நூல் வேண்டும். நூல் என்றே சொல்கிறோம். ஏனெனில் வளைந்து செல்லும் பாதையை அளக்க அளவுகோலைவிட ஈரமான நூலே ஏற்றது. கோட்டின்மேல் நூலை வளைத்து வைத்து, பின்னர் நீட்டி அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். பிற்காலப் படங்கள் மீட்டர் அளவுக்கு மாறி, 50,000இல் ஒரு பங்காக வந்தன. அவற்றில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டராகும்.

மூன்றாவது, குறியீட்டு விளக்கம். அரசாங்க இரயில் பாதைக்கு ஒரு வகைக் கோடு. தோட்டத்திற்குள்ளும் சுரங்கத்திற்குள்ளும் சரக்கு இழுக்கப் போட்ட சிறு தண்டவாளத்திற்கு வேறு வகைக் கோடு. இவற்றைக் குழப்பிக்கொண்டால், இல்லாத நிலையத்தைத் தேடி வெயிலில் அலைய நேரிடும்.

இனி, பழைய படத்தை இன்றைய படத்தோடு பொருத்த வேண்டும். மெல்லிய தாளில் பழைய படத்தின் பாதையையும் சில நிலையான இடங்களையும் படியெடுத்து, ஒரே அளவிலான இன்றைய படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். கைப்பேசியில் இதனைச் செய்யத் தெரிந்த இளைஞர் வீட்டில் இருந்தால் இன்னும் எளிது. எதனை நிலையான இடமாகக் கொள்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆற்றைப் பலர் நம்புவார்கள். ஆனால் 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பிறகு கோலாலம்பூரில் கிள்ளான் ஆற்றின் வளைவுகள் நேராக்கப்பட்டன. ஆகவே வெள்ளத்திற்கு முந்திய படத்தின் ஆறு வேறு, இன்றைய ஆறு வேறு. கட்டடங்களே மேல். 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1909இல் எழுந்த ஜாமெக் பள்ளிவாசல், 1910இல் கட்டப்பட்ட பழைய இரயில் நிலையம் ஆகியவை அசையாமல் நிற்கின்றன. மகா மாரியம்மன் ஆலயமும் 1885 முதல் இன்றைய இடத்திலேயே இருக்கிறது. 1893க்குப் பின் வரைந்த நகரப் படம் ஒன்றில் இவற்றில் எவை உள்ளனவோ அவற்றை இன்றைய படத்தோடு பொருத்திவிட்டால், பழைய இரயில் கோடு தானாகவே அகன்ற அந்தச் சாலையின்மேல் போய் விழும்.

நிலத்தில் எதைப் பார்ப்பது?

சாலை எங்கே வேண்டுமானாலும் திரும்பும், ஏறும், இறங்கும். இரயில் அப்படியன்று. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்வதால் பிடிமானம் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். நீண்ட வண்டியைத் திடீரென்று திருப்பவும் இயலாது. எனவே பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், வளைவை அகலமாக அமைத்தார்கள். இன்று ஓரிடத்தில் காரணமின்றி நீண்டு, மெல்ல வளைந்து செல்லும் ஒரு மண்மேடோ, குன்றை அறுத்துச் செல்லும் ஒரு நேர் வெட்டோ, ஓடையில் தனித்து நிற்கும் செங்கல் தூண்களோ கண்ணில் பட்டால், அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தக்கது.

வேலியும் எல்லைக்கல்லும்கூடச் சாட்சி சொல்லும். பாதைக்காக ஒதுக்கிய நிலம் நீண்ட நாடாபோல் கிடக்கும். தண்டவாளம் போன பிறகும் அண்டை நிலங்களின் எல்லை அந்த நாடாவின் ஓரத்தோடு நின்றுவிடும். அதனால்தான் சில குடியிருப்புகளில் ஒரு வரிசை வீடுகள் மட்டும் சாய்வாக அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

பால்மரக் காட்டில் பழகியவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. மரங்களை நிரை பிடித்தே நடுவார்கள். நேராக வந்த நிரை ஓரிடத்தில் அறுந்து, சில அடி தள்ளி மீண்டும் தொடங்கினால், இடையில் முன்னர் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்று பொருள். அது வடிகாலாக இருக்கலாம், பழைய சாலையாக இருக்கலாம், தண்டவாளமாகவும் இருக்கலாம். நில அளவையாளர் கருவி கொண்டு காண்பதைப் பால்வெட்டுத் தொழிலாளி தம் நடையிலேயே உணர்ந்துவிடுவார்.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்கு

தோட்ட மக்களுக்கு நெருக்கமான மறைந்த பாதை ஒன்று உண்டு. முதலில் கூறிய புக்கிட் கூடா, ஆற்றின் வடகரையில் உள்ளது. கிள்ளான் நகருக்கு வரவேண்டியவர்கள் அங்கே இறங்கி ஆற்றைக் கடந்து வந்தனர். 1890இல் ஆற்றின்மேல் கன்னாட் பாலம் அமைந்த பிறகே இரயில் கிள்ளானுக்குள் வந்தது. பின்னர் அது துறைமுகம் வரை நீண்டது. அத்துறைமுகத்தைப் பழைய படங்களில் போர்ட் சுவெட்டன்ஹம் என்றே தேட வேண்டும். போர்ட் கிள்ளான் என்ற பெயர் 1972இல்தான் வந்தது.

இந்தக் கன்னாட் பாலத்தின் அருகே தடம் பிரிந்து வடமேற்கே கோலசிலாங்கூர் வரை ஒரு கிளைப் பாதை சென்றது. காப்பார், ஜெராம் வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த கடற்கரைச் சமவெளி அது. தோட்டங்களின் ரப்பரும் அரிசி மூட்டையும் ஆட்களும் போகவரப் பாதை உதவும் என்பது அன்றைய கணக்கு. கணக்கு நீடிக்கவில்லை. மோட்டார் லாரியும் பேருந்தும் சாலையில் போட்டியிட்டன. அதன்மேல் 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை அடியோடு வீழ்ந்தது. 1930களின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர்ப் பாதை மூடப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் வேலையிழந்த நம்மவர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரே விலை வீழ்ச்சி வண்டியையும் நிறுத்திற்று. அதில் வந்திருக்கக்கூடிய மனிதரையும் ஊருக்கு அனுப்பிற்று.

அங்கே இன்று தேடுவோருக்குக் கன்னாட் பாலம் என்ற பெயரே முதல் தடயம். 1953 முதல் அங்கிருந்த மின்நிலையத்தின் பெயராகவே பலர் அதனை அறிவர். பெயர் வந்ததோ இரயில் பாலத்தால். தாழ்ந்த சதுப்பு நிலத்தில் பாதை போட வேண்டுமானால் மண்ணை உயர்த்தி, இருபுறமும் நீர் வடிய வழி விட்டாக வேண்டும். ஆகையால் காப்பாருக்கு அப்பால் தேடுவோர் குன்று வெட்டுகளைத் தேடிப் பயனில்லை. நீளமான கரைகளையும் அவற்றோடு செல்லும் வடிகால்களையும் பார்க்கவேண்டும்.

பெயர்களில் ஒரு சிக்கலும் உண்டு. நம் பேச்சில் மைலைக் 'கட்டை' என்போம். ஆறாங்கட்டை, பத்தாங்கட்டை என்று ஊருக்கே பெயராகிவிடும். மலாய்ப் படங்களில் அது 'பத்து' என்று வரும். ஆனால் 'பத்து' என்பதற்குக் கல் என்பதே பொருள். மைல்கல்லாக இருக்கலாம், வெறும் பாறையாகவும் இருக்கலாம். கிள்ளானுக்கு அருகே உள்ள பத்து பெலா, பிளந்த கல்லே அன்றி மைல் கணக்கு அன்று. பத்துமலையைத் தமிழ் எண்ணாக எண்ணி ஒன்று, இரண்டு என்று மலைகளைத் தேடியவர்களும் நம்மிடையே உண்டு.

பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளம்

எல்லாப் பாதைகளும் நட்டத்தால் மறையவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905இல் திறந்த பாதை, ஜப்பானியர் ஆட்சியின்போது பெயர்த்தெடுக்கப்பட்டது. போருக்குப் பின் அது மீண்டும் போடப்படவே இல்லை. கிழக்குக்கரைப் பாதையின் நீண்ட பகுதியும் அவ்வாறே பெயர்க்கப்பட்டு, பின்னர் பல ஆண்டு உழைப்பால் திரும்ப அமைந்தது. மலாயாவில் கழற்றிய தண்டவாளங்கள் சயாம்–பர்மா இரயில் பாதைக்குச் சென்றன. 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. தண்டவாளம் போன அதே வழியில் நம் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இரையானோர் மிகப் பலர். போருக்கு முந்திய படம் ஒன்றையும் பிந்திய படம் ஒன்றையும் அருகருகே வைத்தால், முன்னதில் கறுப்புக் கோடாக இருக்கும் மலாக்காப் பாதை பின்னதில் இராது. கோடு ஒன்று இல்லாமற்போனதைப் படம் காட்டும். லயங்களில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை எந்தப் படமும் காட்டாது. அதனை வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் அறிந்தோம்.

பேராவில், 1885இல் தைப்பிங்கிலிருந்து மலாய் மாநிலங்களின் முதல் இரயில் ஓடிச் சேர்ந்த போர்ட் வெல்ட் என்னும் இடத்திலும் இன்று பாதை இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் மற்ற எழுத்துகளோடு தமிழும் இருக்கிறது.

பெட்டாலிங் ஜெயாவின் அடியில் ஒரு தோட்டம்

கோலாலம்பூர் – கிள்ளான் பாதை இன்றும் பெட்டாலிங் ஜெயாவின் தென்புறமாகவே செல்கிறது. 1950க்கு முந்திய படத்தில் அப்பாதையின் வடக்கே பார்த்தால் நகரத்தைக் காண முடியாது. ரப்பர் நிலமே இருக்கும். எஃபிங்ஹாம் தோட்டம் என்பது அதன் பெயர். கோலாலம்பூரில் இட நெருக்கடி மிகுந்ததால் அத்தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில் 1952இல் புதிய குடியிருப்புத் தொடங்கிற்று. அதுவே 2006இல் மாநகராயிற்று. பால்வெட்டிய நிரைகளின்மேல் இன்று தொழிற்சாலைகளும் மாடிவீடுகளும் நிற்கின்றன. அதே பாதையில் சற்று மேற்கே, பழைய படம் சுங்கைவே என்று எழுதியதை இன்றைய படம் செரி செத்தியா என்று எழுதுகிறது. தோட்டம் மாறினாலும், ஊரின் பெயர் மாறினாலும், இரயில் கோடு மட்டும் அசையவில்லை. ஆகவே மறைந்த தோட்டத்தைத் தேடுவோருக்கு இருக்கும் இரயில் பாதையைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை. மறைந்த பாதையைத் தேட நாம் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டோம். மறைந்த தோட்டத்தைத் தேடப் பாதையைப் பிடித்துக்கொள்கிறோம்.

படத்தில் கோடு இருந்தால் வண்டி ஓடும் என்று எண்ணுவதும் தவறு என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. சுபாங் ஜெயாவிலிருந்து சுபாங் விமான நிலையத்திற்கு 2018 மே மாதம் தொடங்கிய பயணிகள் இரயில், 2023 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. வண்டி நின்ற நாளில் படத்திலிருந்து கோடு அழிந்துவிடவில்லை.

பழைய படங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கக் கேட்கலாம். நில அளவை, வரைபடத் துறையிலும், அவ்வவ் வட்டாரத்தின் நில அலுவலகத்திலும் விசாரிக்கலாம். வெளிநாட்டு நூலகங்கள் சில தம்மிடமுள்ள மலாயாப் படங்களை இணையத்தில் வைத்துள்ளன. தோட்டம் விற்கப்பட்டு, கோயில் அல்லது இடுகாடு குறித்த பேச்சு எழும்போது, 'எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கிறது' என்ற சொல்லோடு, ஆண்டும் படத்தாளின் எண்ணும் குறித்த ஒரு படியும் கையில் இருப்பது வேறு. பேச்சு எழுந்த பின் தேடத் தொடங்கினால் காலம் போதாது. படத்தில் கோயில் குறிக்கப்படாவிட்டால், அது இருக்கவில்லை என்பது பொருளன்று. சிறு கோயில்கள் பல இந்த அளவையில் குறிக்கப்படாமல் விடுபட்டிருக்கும். அந்நிலையில் லயங்களும் சாலைச் சந்தியும் இரயில் கோடும் எந்தத் தொலைவில் உள்ளன என்று நூலால் அளந்து எழுதி வைத்தால், பிற சான்றுகளோடு சேர்த்துப் பார்க்க அது உதவும்.

நிலத்தில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு சொல். வண்டி ஓடும் பாதையில் இறங்கி நடப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் கேடு. வண்டி ஓடாத பாதை நிலமும் உரிமையாளர் இல்லாத நிலம் அன்று. தீபகற்பத்தின் இரயில் நிலங்கள் பலவற்றை 1992இல் அமைந்த இரயில்வே சொத்துடைமைக் கழகம் வைத்திருக்கிறது. சாலையோரத்திலிருந்து பார்த்தாலே வளைவும் மேடும் தெரியும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது மேட்டின் நிழல் இன்னும் நன்றாகத் தெரியும்.

போகும்போது தோட்டத்துப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். எந்த இடத்தில் வண்டி ஊதும், பெரட்டுக் களம் அதற்கு எந்தப் பக்கம், கங்காணி வீடு எத்தனையாவது லயம் என்பவை படத்தில் இரா. அவர் நினைவில் இருக்கும். அவர் சொல்வதை அன்றைக்கே, தேதியிட்டு, படப் படியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும்.